மீன் ஐஸுக்குள் நின்ற மரம்

"இஞ்சாரும், ஐஸ் அள்ளுற வாளி எங்கை?" என்று கேட்டார் என் கணவர் இரத்தினம். கதவுக்குப் பின்னால் என்றேன். எடுத்துக்கொண்டு மீன்கடை வேலைக்குப் போனார். மத்தியானம் கடையிலேயே நெஞ்சடைத்து விழுந்து இறந்துபோனார். எண்பத்தேழாம் ஆண்டு, மார்ச் மாதம்.

அந்த ஐஸ் மரத்துக்கு.

பாரிசின் லா ஷப்பலில் எங்களுக்கு அறை தந்திருந்த, ஜெர்மேன் என்ற மதாம் புதுச்சேரிக்காரி. அவருடைய காலஞ்சென்ற கணவர் வோஷ் மலைக்காட்டில் காவலராக இருந்தவர். அங்கிருந்து அவர் கொண்டுவந்த ஊசியிலை மரம், நத்தாருக்கு, அதாவது கிறிஸ்மசுக்கு, வைக்கிற சாதி, முற்றத்துத் தொட்டியில் நின்றது. குளிர்காலத்துக்கு மகள் வீட்டுக்குப் புறப்பட்டபோது மதாம் சொன்னார்: "நான் வரும்போது மரம் பச்சையா இருந்தா அறையில இருங்க. இல்லன்னா வேற எடம் பாத்துக்குங்க."

ஜனவரியில் பெய்த பனி கரைந்ததும் என் கணவருக்குக் கலக்கம் பிடித்தது.

"பனிமரத்துக்குப் பனி வேணுமெல்லே?"

"அது மரமப்பா, மீனில்லை."

கேட்கவில்லை. கடையில் மிஞ்சிய ஐஸை நாள்தோறும் கொண்டுவந்து, மரத்தின் முழங்கால் வரை குவித்தார். முற்றத்துப் பூனைகள் எல்லாம் மரத்தைச் சுற்றிக் குந்தியிருந்தன.

பிறகு ஐஸுக்குள் இருந்த கிளைகளில் கறுப்பாக, கம்பளி போல ஏதோ படர்ந்து இலைகளை ஒட்டிப் பிடித்தது. ஊரில் கத்தரிக்கு நோய் வந்தால் சாம்பல் தூவுவோம். பாரிசில் சாம்பலுக்கு எங்கே போவது? சாமிப்படத்தடியில் இருந்த திருநீறு முழுவதும் மரத்துக்குப் போனது. பக்கத்து அறைப் பேதுரு எட்டிப் பார்த்தான்.

"அண்ணை, மரம் எந்தச் சமயம்? மேலை திருநீறு, கீழை மீன், ஆளைப் பார்த்தால் நத்தார்!"

"நீர் உம்மடை அலுவலைப் பாரும்."

அவருடைய எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த மறுநாள் மதாம் திரும்பி வந்தார். என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். பிறகு மரத்தைப் பார்த்தார். குனிந்து மணந்து பார்த்தார். திருநீறு மூக்கில் ஏறித் தும்மினார்.

"என்ன கோசலை, மீன் நாத்தம் அடிக்குது?"

எனக்கு வேறு போக்கிடம் இல்லை. நடந்ததைச் சொன்னேன்.

"அடக் கடவுளே! இது பனிக்கடியில வளர்ற பூஞ்சைம்மா. மலையிலேந்தே ஒட்டிக்கிட்டு வந்திருக்கும். காத்துல விட்டிருந்தா சும்மா கெடந்திருக்கும். உன் வீட்டுக்காரர் ரெண்டு மாசமா அதுக்குல்ல விருந்து வச்சிருக்கார்!"

"மரத்துக்கெண்டுதான் வச்சவர், மதாம்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும். செத்தவீட்டில் யார் சிரிப்பது என்று பேதுரு கதவைத் திறந்து பார்த்தான்.

மதாம் கத்தரிக்கோல் எடுத்துவந்து கறுத்த கிளைகளை வெட்டினார். ஐஸ் எட்டாத மேல்பாதியில் ஒரு குறையும் இல்லை.

"பச்சையாத்தானே இருக்கு," என்றார். "நீ இரு."

இருக்கிறேன். வெட்டிய இடங்களில் இன்றுவரை ஒரு கிளையும் முளைக்கவில்லை.