தொட்டி ஓரத்துச் சிலிக்கான்

சீனப் புத்தாண்டுக்கு முன்னால், அடுப்புச் சாமியைப் படையல் வைத்து மேலுலகத்துக்கு அனுப்பிவைத்த பிறகுதான் சமையலறையைச் சுரண்டிக் கழுவலாம் என்பது மலேசியாவில் ஈப்போவில் சீனர் வீடுகளில் உள்ள வழக்கம். காம் சுவென் வீட்டிலும் மறுநாள் காலையிலேயே வேலை ஆரம்பித்துவிட்டது. பாத்திரம் கழுவும் தொட்டிப் பக்கம் மட்டும் யாரும் போகவில்லை. அதைச் சுற்றி ஒழுகாமலிருக்கப் பூசியிருந்த சிலிக்கான் பசை கறுத்துப்போய், அங்கங்கே வாய் பிளந்து, தண்ணீர் உள்ளே இறங்கிக் கீழே இருந்த பலகை அலமாரி ஊறி உப்பிக் கிடந்தது. கதவைத் திறந்தால் கரப்பான் ஓடும்.

அதைப் பூசியவன் மகன் வெய் லுன். தாய்லாந்தில் ஹோட்டல் வேலை என்று கிளம்புவதற்கு முதல் நாள், சோப்புத் தண்ணீரில் கட்டைவிரலை நனைத்து ஓரம் முழுக்க ஒரே இழுப்பாக இழுத்தான். மூலையில் விரலை எடுத்த இடத்தில் ரேகை அப்படியே பதிந்துவிட்டது. போனவன் மாட்டிக்கொண்டது தாய்லாந்து எல்லைக்கும் அந்தப் பக்கம், ஆட்களை அடைத்து வைத்துப் போனில் ஊரை ஏமாற்றச் சொல்கிற ஏதோ ஒரு கட்டடத்தில். திருட்டுத்தனமாக ஓரிரு தடவை பேசினான். அப்புறம் அந்தப் போனும் செத்துப்போயிற்று. போலீஸ், கோயில், பெரிய மனிதர் வீடு என்று புருஷனும் பெண்டாட்டியும் ஏறாத படி இல்லை.

போன வருஷமே சுவென் அதைப் பெயர்க்கப் பார்த்தார். மனைவி சௌ யிங் குறுக்கே வந்து நின்றுகொண்டாள், அவன் வந்து எடுப்பான், நீங்கள் போய் ஃபேனைத் துடையுங்கள் என்று விரட்டினாள். சரி, பிள்ளை கைபட்டதும் இருக்கட்டும், ஒழுகலும் நிற்கட்டும் என்று அவர் பழசின் மேலேயே புதுசைப் பூசினார். ஒட்டாது என்று ஹார்ட்வேர் கடைக்காரர் சொல்லத்தான் சொன்னார். ஒரு வாரம் தாங்கவில்லை, நூடுல்ஸ் மாதிரி உரிந்து வந்துவிட்டது. ஆனால் அவளுடைய அந்தப் பிடிவாதத்தை வெளியில் திட்டினாலும், அதில் சாய்ந்துகொண்டுதான் அவர் நாளைத் தள்ளினார். இவளே நம்புகிறாளே, வருவான்.

இந்த வருஷம் ஃபேனைத் துடைத்துவிட்டு உள்ளே வந்தவர் திகைத்துப்போனார். டர்பன்டைன் நனைத்த துணியை ஓரத்தில் ஊறப்போட்டு, சௌ யிங் பிளேடால் சுரண்டிக்கொண்டிருந்தாள். கறுப்புத் துண்டுகள் நியூஸ்பேப்பரில் குவிந்திருந்தன. மூலை மட்டும்தான் பாக்கி.

"அதை மட்டும் விட்டுடேன். நான் சுத்திப் பூசிக்கிறேன்" என்றார்.

"போன வருஷம் பூசின லட்சணம் தெரியாதா கிழவரே. உரிச்சுப் போட்டது நான்தானே."

பிளேடை அடியில் விட்டு நெம்பினாள். ரேகை பாதியில் கிழிந்தது. மீதியையும் சுரண்டி, குவியலோடு சேர்த்தே வழித்துப்போட்டாள்.

"அவன் வந்து கேட்டா..." என்று அவர் இழுத்தார்.

"யாரு வரப்போறா, லுன் அப்பா?"

கடையில் என்ன வாங்க வேண்டும் என்று கேட்கிற குரல்தான். பேப்பரைச் சுருட்டிக் குப்பையில் போட்டாள். ஈரம் போகத் துடைத்தாள். புது சிலிக்கான் டியூபைப் பசை பிதுக்கும் துப்பாக்கியில் மாட்டி அவர் கையில் கொடுத்தாள்.

"பூசுங்க. காயறதுக்கு ஒரு நாள் ஆகும்."

அவர் நுனியை மூலையில் வைத்தார். விசையை அழுத்த விரல் வரவில்லை. இத்தனை நாளும் யார் நம்பிக்கையில் உட்கார்ந்திருந்தோம் என்று அப்போதுதான் தெரிந்தது. சௌ யிங் பக்கத்தில் சோப்புத் தண்ணீர்க் கிண்ணத்தை வைத்துவிட்டு, அரிசி களையப் பின்பக்கக் குழாய்க்குப் போய்விட்டாள்.