எதையும் தொடாதீங்க

நான் பெயின்டர். அடுத்தவர் வீட்டுச் சுவரில் துளி ஈரம் தெரிந்தாலும் என் கை சும்மா இருக்காது. சுரண்டி, காயவிட்டு, பட்டி பார்த்துத் தேய்த்த பிறகுதான் எனக்குச் சோறு இறங்கும். அப்படிப்பட்டவன் என் சொந்தப் படுக்கையறைச் சுவரை இரண்டு மாதம் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தேன். எல்லாம் இன்சூரன்ஸ் செய்த வேலை.

மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி வெடித்த அன்று நானும் மனைவியும் வேலைக்குப் போயிருந்தோம். திரும்பி வந்து பார்த்தால் கூரைப் பூச்சு பெயர்ந்து கட்டில்மேல் கிடக்கிறது, மெத்தை ஊறிக் கனத்துவிட்டது, சுவர் முழுக்கத் தண்ணீர் வழிகிறது. வீட்டுக்குப் பாலிசி போட்டுக் கொடுத்தவன் என் மச்சான்தான், மனைவியின் சித்தி மகன். உடனே அவனுக்குப் போன் போட்டேன்.

"மாமா, எதையும் தொட்டுடாதீங்க. சர்வேயர் வந்து பாக்கணும். அதுக்கு முன்னாடி நீங்க கை வெச்சீங்கன்னா கிளெய்ம் போயிடும்," என்றான்.

"எப்ப வருவாரு?"

"ரெண்டு மூணு நாள்ல மாமா. நான் இருக்கேன்ல."

ரெண்டு மூணு நாள் போனது. சர்வேயர் வரவில்லை, பூசணம் வந்தது. சுவரின் மூலையில் கறுப்பாகத் தொடங்கி ஜன்னல் வரைக்கும் ஏறிவிட்டது. என் மனைவிக்குச் சின்ன வயதிலிருந்தே வீசிங் தொல்லை உண்டு. எங்கள் வீடே ஒரு ஹாலும் ஒரு அறையும்தான், அவள் எங்கே போய்ப் படுப்பாள்? தலையணைகளை அடுக்கி அதில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கப் பார்த்தாள். மூச்சு விசிலடிக்கிற சத்தம் எனக்கு அடுப்படி வரை கேட்டது. கடைசியில் அக்கா வீட்டுக்குக் கிளம்பினாள்.

வாசலில் பையை வைத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். "உங்க அவசரத்துல எதையாவது கிளறி வெச்சுடாதீங்க. அந்த பாலிசிக்கு நான் என் சம்பளத்துல கட்டியிருக்கேன். சர்வேயர் பாத்துட்டுப் போனதும் சொல்லுங்க, மறுநாளே வந்துடறேன்."

அவள் பல் டாக்டர் ஒருவரிடம் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கிறாள். நாளெல்லாம் வாய் வீங்கியவர்களிடம் பொறுமையாகப் பேசிவிட்டு வீட்டுக்கு வந்தால், பாக்கிப் பொறுமை எனக்கு மிஞ்சாது. என்னை அவசரக்குடுக்கை என்பாள். சரி, இந்த ஒரு தடவையாவது அவள் சொன்ன பேச்சைக் கேட்டோம் என்று இருக்கட்டும் என்று நினைத்தேன்.

பாலிசி எடுப்பதற்கு முன்னால் மச்சான் சொல்லாமல் கொள்ளாமல் வருவான். காபி குடிப்பான், எங்கள் கட்டிலிலேயே ஒரு குட்டித் தூக்கம் போடுவான். இப்போது கூப்பிட்டால், "மீட்டிங்ல இருக்கேன் மாமா." காலையில் மீட்டிங், மத்தியானம் மீட்டிங், ஞாயிற்றுக்கிழமையும் மீட்டிங். நாட்டை ஆள்பவர்களுக்குக்கூட அத்தனை மீட்டிங் இருக்காது.

அலுவலக எண்ணுக்குப் போட்டால் முதலில் ஒரு இசை. அதை எத்தனை தடவை கேட்டேனோ, சாரத்தில் நின்று சுவர் தேய்க்கும்போது என்னையறியாமல் அதையே முணுமுணுத்திருக்கிறேன். பக்கத்துச் சாரத்துக்காரன், "என்னண்ணே, புதுப் பாட்டா?" என்று கேட்டான். இசை முடிந்து ஆள் வந்தால் ஒவ்வொரு தடவையும் புது ஆள். தொட்டி வெடித்த கதையை முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

"சார், தண்ணி மேல இருந்து வந்துச்சா, கீழ இருந்து வந்துச்சா?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"தொட்டி மாடியில இருக்கும்மா. அப்புறம் தண்ணி எப்படிக் கீழ இருந்து வரும்?"

"கீழ இருந்து வந்திருந்தா அது வேற பிரிவு சார். அதான் கேட்டேன். சர்வேயர் உங்களக் கூப்பிடுவார். அதுவரைக்கும் எதையும் தொடாதீங்க."

போட்டோ கேட்டார்கள், அனுப்பினேன். ஈரம் சரியாகத் தெரியவில்லை என்றார்கள். மறுபடி அனுப்பினேன். கிணற்றில் போட்ட கல்தான்.

அந்த அறையில் நான் எதையும் தொடவில்லை. சர்வேயருக்காக என்றுதான் தொடங்கினேன். ஆனால் அலமாரியில் அவள் விட்டுப்போன சீப்பு, அதில் சிக்கிய இரண்டு முடி, கதவுக்குப் பின்னால் தொங்கிய துப்பட்டா, இவற்றை எந்த சர்வேயர் வந்து பார்க்கப் போகிறார்? அவற்றையும் தொடவில்லை. வேலைக்குப் போகும்போது ஒரு தடவை, வந்ததும் ஒரு தடவை வாசற்படியில் நின்று பார்த்துவிட்டுப் போவேன். வெட்கத்தை விட்டுச் சொன்னால், அவள் இல்லாத வீட்டுக்கு வரவே எனக்குப் பிடிக்கவில்லை.

சாயங்காலம் போன் பேசுவோம். அந்தப் பக்கம் அவள் அக்கா வீட்டு டிவி ஓடும், சகலை தொண்டையைக் கனைப்பார். அந்தச் சத்தத்துக்கெல்லாம் நடுவில் நான் அவள் மூச்சைத் தேடிக்கொண்டிருப்பேன். "சாப்பிட்டீங்களா?" என்பாள். "வந்தாரா?" என்பாள். இல்லை என்றால், "ம்" என்பாள். அந்த "ம்" நாளுக்கு நாள் சின்னதாகிக்கொண்டே வந்தது. அவள் என்னைத் திட்டி எத்தனை நாள் ஆயிற்று என்று விரல் விட்டு எண்ணிப் பார்ப்பேன்.

ஒருநாள் துணி எடுத்துப்போக வந்தாள். செருப்பை வாசலுக்கு வெளியே ஓரமாக விட்டாள். அது விருந்தாளி விடும் இடம். மூக்கில் கைக்குட்டையோடு ஹாலில் நின்று சுற்றும்முற்றும் பார்த்தாள்.

"குடிக்கத் தண்ணி எடுத்துக்கட்டுமா? டம்ளர் எங்க வெச்சிருக்கீங்க?"

அந்த அடுப்படியில் ஒவ்வொரு டம்ளரையும் அடுக்கி வைத்தவள் அவள். நான் எடுத்துக் கொடுத்தேன். பாதி குடிப்பதற்குள் நெஞ்சு ஏறி இறங்கத் தொடங்கிவிட்டது. "வரேங்க," என்று துணிகூட எடுக்காமல் கிளம்பினாள். தெருமுனையில் நிறுத்தியிருந்த ஒரு வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்று மூச்சு வாங்கியதை இங்கிருந்தே பார்த்தேன். பின்னாலேயே ஓடி, ஆட்டோ பிடித்து ஏற்றிவிட்டு வந்தேன்.

வந்ததும் சுரண்டியை எடுத்தேன்.

ஊறிய பூச்சையெல்லாம் செங்கல் தெரியும்வரை கொத்தி எடுத்தேன். மெத்தையைக் குப்பை வண்டியில் ஏற்றினேன். கொத்தனார் நண்பன் ஒருவன் வந்து தொட்டியையும் மாற்றி, கூரையையும் சுவரையும் பூசிக் கொடுத்தான். எங்கள் வீட்டுக்கு நான் எப்போதும் மிச்ச பெயின்ட்தான் அடிப்பேன். ஹாலுக்கு ஒரு வக்கீல் வீட்டு மிச்சம், அடுப்படிக்கு ஒரு பள்ளிக்கூடத்து மிச்சம். "குடியிருக்கிறதுதான் நாம, சுவரெல்லாம் ஊரார்து," என்பாள். இந்தத் தடவை அவளுக்கென்றே புதுச் சுண்ணாம்பு வாங்கிக் கரைத்தேன். இன்றைக்கு யாரும் அதைக் கேட்பதில்லை, ஆனால் பெயின்ட் வாடை அடிக்காது, பூசணமும் லேசில் அண்டாது. நன்றாகக் காயும்வரை ஜன்னலைத் திறந்தே வைத்திருந்தேன். பிறகு போன் செய்தேன்.

"வந்தாரா?"

"இல்ல. நான் தொட்டுட்டேன்."

அவள் டிவிச் சத்தத்தைக் குறைப்பது கேட்டது. "நாளைக்கு வரேன்," என்று வைத்துவிட்டாள்.

வந்தாள். செருப்பை உள்ளே விட்டாள். அன்று மத்தியானம் அந்த அறையில் பாயை விரித்துப் படுத்தவள் அப்படியே கண்ணயர்ந்தாள். கொஞ்ச நேரத்தில் வாசலில் அழைப்பு மணி. தோளில் பை, கையில் அளக்கும் டேப், களைத்துப்போன ஒரு மனிதர். "இன்சூரன்ஸ் சர்வேயர் சார். சேதமான ரூம் எது?"

"மெதுவா பேசுங்க சார். வீட்டுல தூங்குறாங்க."

கதவிடுக்கில் எட்டிப் பார்த்தார். வெள்ளைச் சுவர், பாயில் ஒரு பொம்பளை. "எதையும் தொடக் கூடாதுன்னு உங்ககிட்ட யாரும் சொல்லலையா?"

"எல்லாரும் சொன்னாங்க சார்."

"அப்ப நான் என்னன்னு எழுதுறது?"

"சேதம் எதுவும் இல்லன்னு எழுதுங்க."

என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அதையே எழுதிக்கொண்டு போனார். அவர் தெருவைத் தாண்டியிருக்க மாட்டார், மச்சான் போனில் வந்தான். "என்ன மாமா, காரியத்தையே கெடுத்துட்டீங்களே?"

"மீட்டிங்ல இருக்கேன் மச்சான்," என்று வைத்தேன்.

அறைக்குள் போய்ச் சத்தமில்லாமல் சுவரோரம் உட்கார்ந்தேன். மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது, விசில் இல்லை. கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

"போயிட்டாரா?"

"போயிட்டாரு."

"பணம்?"

"அதுவும் போச்சு."

அவள் கட்டிய பணம். திட்டு விழும் என்று காத்திருந்தேன். இரண்டு மாதமாக அதற்கும்தான் ஏங்கியிருந்தேன்.

"எல்லாத்துலயும் அவசரப்படுவீங்க," என்றாள். "நான் பையத் தூக்கிட்டு வாசல்ல நின்னேனே, அன்னைக்கு மட்டும் ஏன் பேசாம நின்னீங்க?"

அவள் ஜன்னல் பக்கமாக நகர்ந்து, பாயில் எனக்கு இடம் விட்டாள்.