முயலில் செய்கிற வைத்தியம்

"முயல்லதானம்மா இப்பச் செய்யறாங்க" என்று டாக்டர் மரியசெல்வி சொன்னதைக் கண்ணம்மாள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். ராகியில் களி செய்கிறோம், சாமையில் சோறு ஆக்குகிறோம். அதுபோல முயலில் வைத்தியம் செய்வார்கள் போலிருக்கிறது என்றுதான் அவளுக்கு அர்த்தமாயிற்று.

அவள் புருசன் மாதப்பன் நாகலூர்ப் பக்கத்து எஸ்டேட்டில் காப்பிச் செடிக்குக் குழி வெட்டுகிறவன். தொண்ணூற்றெட்டாம் வருஷத்து ஆடியில், வெட்டிய குழிக்குள்ளேயே மாரைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். சேலத்து ஆஸ்பத்திரியில் உயிரைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஆனால் இருதயத்தில் ஒரு பக்கத்துச் சதை செத்துவிட்டது, செத்தது திரும்ப வளராது என்றார்கள். தொடைச் சதையிலிருந்து அணுக்களை எடுத்து வளர்த்து, கெட்டுப்போன இருதயத்தில் வைத்துப் பார்க்கிறார்கள் என்று டாக்டரம்மா ஆறுதலுக்குச் சொன்ன பேச்சில்தான் அந்த முயல் வந்தது.

கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவளுக்கு மதி எங்கே போயிற்று என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடலாம். பத்தடி நடந்தால் உட்கார்ந்துகொள்கிற புருசனை வைத்துக்கொண்டு கேட்கிறவளிடம் போய் மதியைத் தேடக் கூடாது.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளில், பக்கத்து வீட்டு வேடியப்பனின் கண்ணியில் சிக்கிய முயலை உயிரோடு வாங்கிக் கூடையில் போட்டுத் துணியைக் கட்டினாள். மலையிறங்கும் பஸ் வளைவில் திரும்பும்போதெல்லாம் கூடையை மடியோடு அணைத்துக்கொண்டாள். மாதப்பன் பக்கத்தில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தான்.

டாக்டரின் மேசைமேல் கூடையை வைத்துத் துணியை லேசாக விலக்கினாள்.

"நல்லாக் கொழுத்த மொசலுங்கம்மா. தொடையப் பாருங்க. இன்னைக்கே செஞ்சு போடுங்க."

மரியசெல்வி சிரிக்கவில்லை. அதற்காகவே அவளைக் கும்பிடலாம்.

"முயல எடுத்து மனுஷனுக்குச் செய்யறதில்லம்மா. முயலுக்கேதான் செஞ்சு பாக்கறாங்க. அதோட தொடைச் சதைய அதோட இருதயத்துலயே வைக்கறாங்க. மனுஷங்களுக்கு வர இன்னும் எத்தனையோ வருஷம் ஆகும்."

"அந்த மொசலு பொழச்சுதுங்களா?"

"சிலதுக்கு இருதயம் தேறியிருக்கு."

"இவருக்கு அத்தன வருசம் இருக்குதுங்களா?"

டாக்டர் மருந்துச் சீட்டைப் பார்த்தாள். "மாத்திரைய மட்டும் விடாமக் குடுங்கம்மா" என்றாள். கண்ணம்மாள் கூடைத் துணியை மறுபடி இறுக்கிக் கட்டினாள்.

நாகலூரில் பஸ்ஸை விட்டு இறங்கி, வீட்டுக்குப் போகும் மேட்டில் கால் வைத்ததுமே மாதப்பன் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டான்.

"பாவம், உட்டுடு புள்ள" என்றான்.

துணியை அவிழ்த்தாள். முயல் சற்றுப் பதுங்கிக் கிடந்து, பிறகு நாலே தாவலில் மேடேறி மறைந்தது. முப்பது வருஷமாக அந்த மேட்டில் காப்பி மூட்டையோடு நிற்காமல் ஏறியவன், வாய் திறந்தபடி அது போன வழியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கண்ணம்மாள் அவன் காலடியில் உட்கார்ந்து தொடையில் கையை வைத்தாள். மலையேறி உரமேறிய சதை இன்னும் கல்லாகத்தான் இருந்தது.

"ஏனுங்க, மருந்து இங்கயேதான் இருக்குதாமுங்க" என்றாள். "நெஞ்சுக்கு ஒன்றர மொழந்தானுங்க தூரம். கொண்டு போய்ச் சேக்கத்தான் இன்னும் ஒருத்தருக்கும் வழி தெரியலீங்களாம்."

ஆடியிலிருந்து அடக்கி வைத்திருந்த அழுகை அப்போது வந்தது. அவள் அழுது முடிக்கும்வரை அவன் அவள் தலையில் கையை வைத்துக்கொண்டிருந்தான். பிறகு அவள் தோளைப் பிடித்து எழுந்து, அடுத்த கல் எங்கே இருக்கிறது என்று பார்த்து நடந்தான்.