அரைப்பேர்

மனைவி லீலாதேவியைப் பதுளை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்து எரித்தார்கள். காரியம் முடிந்த மறுநாள் விடியலிலேயே குமாரசிங்கம் ஆட்கள் கூடும் பெரட்டுக்களத்தில் நின்று ஆட்களின் பேரைக் கூப்பிட்டான். "கல்லு மனசுய்யா இந்தக் கணக்கப்புள்ளைக்கு" என்றது வரிசை வீடுகளில் இருந்த லயத்துச் சனம். அவனுக்கு மனசைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை. குவார்ட்டர்ஸ் வாசலில் அவளுடைய செருப்புக் கிடந்தது. எடுத்துவைக்கவும் தோன்றவில்லை, பார்த்துக்கொண்டிருக்கவும் முடியவில்லை. மலைக்குப் போனால் அதைப் பார்க்க வேண்டியதில்லை. போனான்.

அப்போது அவனுக்கு முப்பதுகூட ஆகவில்லை. யாழ்ப்பாணத்துத் தகப்பனுக்குப் பதுளையில் பிறந்தவன். கல்லூரிப் படிப்பு முடித்தவன். கொஸ்லந்தவுக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து கொய்யும் பெண்களை நிரைக்கு ஒருத்தியாகப் பிரித்து விடுவான். மடுவம் என்ற கொட்டகையில் கொழுந்தை நிறுப்பான். அந்தியில் பேர் போடுவான். குறித்த எடைக்குக் கொழுந்து இருந்தால் முழுப்பேர், முழு நாள் சம்பளம். குறைந்தால் அரைப்பேர்.

மாரியாயி நாற்பதைத் தாண்டியவள். கொய்யும்போது பாடுவாள். பழைய பாட்டல்ல, அன்றன்று கட்டுவது. காலில் ஏறிய அட்டை, கங்காணியின் மீசை, கடையில் கிடைக்காத அரிசி என்று எதுவும் அதில் வரும். மற்றப் பெண்கள் சிரித்துச் சிரித்துத் தேயிலைச் செடியில் சாய்வார்கள். அவள் மட்டும் சிரிக்கமாட்டாள். பாட்டுக்கு ஏற்ப இரண்டு கைகளும் ஓடும். கூடை நிறைவது அவளுக்கே தெரியாது. அந்த மலையில் வேலையை வேலையாக நினைக்காத ஒரே சீவன் அவள்தான்.

லீலாதேவி போன இரண்டாம் மாதம் அந்தப் பாட்டில் அவனும் வந்தான்.

"சட்டையில மூணு பொத்தான், ஐயா சட்டையில ரெண்டு பொத்தான். மூணாம் பொத்தான் எங்க போச்சு? முள்ளுச் செடிக்கு மொய்யாப் போச்சு."

"ஐயோ அண்ணி, பொண்டாட்டி செத்த மனுசன்!" என்று நாத்தனார் கருப்பம்மா அவளை இடித்தாள்.

"செத்தா? நெஞ்சு தெறந்து கெடந்தா குளிராதா? இந்தப் பனியில?"

குமாரசிங்கம் குனிந்து பார்த்தான். பொத்தான் இல்லைதான். எப்போது விழுந்ததென்று அவனுக்கே தெரியாது. அன்று வீட்டுக்குப் போய் ஊசி தேடி எடுத்து, கையில் அகப்பட்ட கறுப்பு நூலால் வெள்ளைச் சட்டையில் ஒரு பொத்தானைத் தைத்தான். லீலாதேவி போன பிறகு அவனாக நினைத்துச் செய்த முதல் காரியம் அது. மறுநாள் பாட்டில் கறுப்பு நூல் வந்தது. அன்றிலிருந்து எந்த மலைக்குப் போனாலும் மாரியாயியின் நிரை பக்கமாகவே சுற்றி வருவான். கேட்டுக்கொண்டு நிற்பான். மதியச் சோறு கொஞ்சம் இறங்கத் தொடங்கியது.

தோட்டத்தை அரசாங்கம் எடுத்திருந்த காலம். நிர்வாகத்துக்குப் புதிதாக வந்த, அரைகுறைத் தமிழ் பேசும் துரை அவனை ஆபீசுக்குக் கூப்பிட்டார். மகிழ்ச்சியோடு வேலை செய்யும் ஒரு தொழிலாளிக்குச் சம்பள நாளில் பரிசு கொடுக்கவேண்டும் என்பது அவருடைய யோசனை. பரிசு ஒரு புதுக் கம்பளி.

"யார் சந்தோசம்? சொல்லுங்க கணக்கப்பிள்ளை."

அவனுக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. "மாரியாயி, சேர். பாடிப் பாடித்தான் கொய்வாள்."

துரை சிரித்தார். "பாட்டுக்கா கம்பளி?"

அவளுக்கு எப்படியாவது வாங்கிக் கொடுத்துவிட வேண்டுமென்று இருந்தது அவனுக்கு. பாட்டுக்குத் தான் பட்ட கடனைத் துரையிடம் சொல்ல முடியாது. எனவே துரைக்கு விளங்கக்கூடியதைச் சொன்னான்.

"பாட்டில்தான் சேர் கை ஓடுது. மற்றப் பொம்பிளையளை விட அரைவாசி அதிகம் கொய்யிறாள்."

துரை சிரிப்பை நிறுத்திவிட்டுப் பேனாவை எடுத்தார்.

சம்பள நாளில் மாரியாயி கம்பளியை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, கூச்சத்தில் வெற்றிலை வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். பெண்கள் கைதட்டினார்கள். கருப்பம்மா விசில் அடித்தாள். துரை கையை உயர்த்தினார்.

"மாரியாயி செய்யலாம். எல்லாம் ஆளும் செய்யலாம். நாளை இருந்து முழுப்பேருக்குக் கொழுந்து கூட வேணும்."

எவ்வளவு கூடுதல் என்பதைக் குமாரசிங்கமே படித்துச் சொல்ல வேண்டியிருந்தது. மாரியாயி கொய்யும் எடைக்குக் கொஞ்சந்தான் குறைவு.

ஆட்கள் கலைந்த பிறகு அவன் துரையிடம் போனான். அது அவளுடைய கை சேர், எல்லாருக்கும் வராது என்றான்.

"நீங்கதானே சொன்னது" என்றார் துரை.

மறுநாள் அந்தியில் மடுவத்தில் பாதிப் பெண்களுக்கு அரைப்பேர் விழுந்தது. கருப்பம்மாவுக்குக் கைப்பிள்ளை. பால் கொடுக்க, குழந்தைகளை விட்டுவைக்கும் பிள்ளைக்காம்பராவுக்கு ஓடி வருவதிலேயே அவள் கொழுந்து குறைந்துபோனது. தராசைப் பார்த்தாள், பிறகு மாரியாயியைப் பார்த்தாள்.

"மகாராணிக்குக் கம்பளி, நமக்கு அரைப்பேரு. பாடுங்க அண்ணி, இன்னும் நல்லாப் பாடுங்க. நாளைக்குக் கால்பேரு குடுப்பாங்க."

"நான் என்னாடி செஞ்சேன்?"

"ஒண்ணும் செய்யல. சந்தோசமா இருந்தீங்க."

யாரும் சிரிக்கவில்லை. மாரியாயி அன்று இரவே கம்பளியைக் கருப்பம்மாவின் காம்பராவுக்குக் கொண்டுபோனாளாம். விடியலில் அது மாரியாயியின் வாசற்படியில் மடித்தபடி கிடந்ததாம்.

அதற்குப் பிறகு மலையில் பாட்டுக் கேட்கவில்லை. முதலில் தொண்டை கட்டியிருக்கும் என்று நினைத்தான் குமாரசிங்கம். பிறகு கோபம், ஆறும் என்று நினைத்தான். மழை வந்து ஓய்ந்தது, கொழுந்து தளதளவென்று கிளம்பியது, பாட்டு வரவில்லை. கொழுந்து ஒடிகிற சத்தம் மட்டும் நிரை நிரையாகக் கேட்டது. அவனுக்கு மறுபடியும் சோறு இறங்கவில்லை.

ஒரு நாள் பொறுக்கமாட்டாமல் அவளுடைய நிரைக்குள் இறங்கினான். அவள் நிமிரவில்லை. ஒரு கொழுந்தைக் கிள்ளினாள். அதைத் திருப்பிப் பார்த்துக் கூடையில் போட்டாள். பிறகு அடுத்தது. புதிதாகப் பேர் பதிந்த குமரிகள்தான் அப்படிக் கொய்வார்கள்.

"மாரியாயி, ஏன் பாட்டைக் காணேல்லை?"

"வரலீங்கய்யா."

"என்னில கோவமே?"

"உங்க மேல எதுக்குங்கய்யா கோவம்? கம்பளி வாங்கிக் குடுத்தீங்க."

அது குத்தலா, நன்றியா என்று அவனுக்குத் தெரியவில்லை. அவள் முகத்தில் இரண்டுமே இல்லை.

"ஒருக்காப் பாடு. மெல்லமாப் பாடு. நான் மட்டும் கேட்க." சொன்ன பிறகுதான் தன் குரல் கெஞ்சுவது அவனுக்கே கேட்டது.

மாரியாயி இப்போது நிமிர்ந்தாள். பக்கத்து நிரையில் கருப்பம்மா மூச்சு வாங்கக் கொய்துகொண்டிருந்தாள். மாரியாயி குரலைத் தாழ்த்தினாள்.

"பாடுனா கை ஓடிருங்கய்யா. நான் என்னா புடிச்சாலும் நிக்காது. கை ஓடுனா, பாரு அவ முடிக்கிறாளேன்னு இன்னுங் கூட்டுவாங்க. இவளுக எங்க போவாளுக?"

அவன் கருப்பம்மாவின் நிரையைப் பார்த்தான்.

"நீங்க மேல போங்கய்யா. நீங்க நின்னா இவளுக தப்பா நெனப்பாளுக."

அவன் மேலே ஏறிப் பாதையில் நின்றான். மழை தூறியது. கறுப்பு நூல் பொத்தான் சட்டையில் பத்திரமாக இருந்தது. அதைப் பார்த்து ஒரு சொல் கட்ட அந்த மலையில் யாரும் இல்லை.

அந்தியில் மாரியாயி மடுவத்துக்கு வந்து கூடையைத் தராசில் வைத்தாள். முள் வரவேண்டிய இடத்துக்கு வரவில்லை. கருப்பம்மா எட்டிப் பார்த்தாள். இத்தனை வருடத்தில் மாரியாயியின் கொழுந்து குறைந்ததை அந்தத் தராசு பார்த்ததில்லை. குமாரசிங்கத்தின் கை பேனாவோடு நின்றது.

"யோசிக்காதீங்கய்யா" என்றாள் மாரியாயி. "அரைப்பேரு போடுங்க."

போட்டான்.

கருப்பம்மா மாரியாயியின் வெறுங்கூடையையும் தன் கூடையோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டாள். இருவரும் லயத்துப் பாதையில் ஒன்றாக இறங்கிப் போனார்கள். குமாரசிங்கம் அடுத்த கூடையைத் தராசில் வைக்கச் சொன்னான்.