பத்தில் ஒருவர்

விமான நிலையத்தில் என்னை ‘ஃபாரம் அக்கா’ என்பார்கள். வெளிநாட்டிலிருந்து சுற்றிப் பார்க்க வந்து இறங்குகிறவர்களை வழிமறித்து, எந்த நாடு, எத்தனை பேர், இங்கிருந்து ஊருக்குள் எதில் போகிறீர்கள் என்று கேட்டு எழுதுவது என் வேலை. கேட்கலாம், எழுதலாம், யோசனை மட்டும் சொல்லக் கூடாது. பதினோரு வருடப் பழக்கத்தில் பாதிப் பேரின் பதில் முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஜெர்மன்காரர் ரயில் நேரத்தை வீட்டிலேயே குறித்துக்கொண்டு வந்திருப்பார். ஜப்பானியப் பெரியவர்கள் கொடி பிடித்தவர் பின்னால் வரிசை குலையாமல் சுற்றுலா வண்டிக்குப் போவார்கள். அமெரிக்கர் வாடகைக் காரின் சாவியை வாங்கிய பிறகுதான் இந்த ஊரில் எந்தப் பக்கமாக ஓட்ட வேண்டும் என்று விசாரிப்பார். ஆனாலும் கேட்காமல் ஒரு ஃபாரம்கூட நிரப்பியதில்லை.

இப்படி ஒரு நாளைக்கு அறுபது பேரிடம் வாயைத் திறக்கிறேன். அதைப் பேச்சு என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். அம்மா போன பிறகு என் ஒற்றை அறையில் பேசுவது தொலைக்காட்சி மட்டும்தான். நான் சொல்வதை அது காதில் போட்டுக்கொள்ளாது.

நான் பேசியதெல்லாம் மாலை ஆறரை மணிப் பேருந்தில்தான். விமான நிலையத்துக்கும் ஊருக்கும் நாள் முழுக்கப் போய்வரும் ஒரே பேருந்து, அநேகமாகக் காலியாகவே கிளம்பும். டிரைவர் என்னைவிடப் பத்து வயது சின்னவர். அவருக்குப் பின்னால் உட்காருவேன். “இன்னிக்கு யாரு டாக்ஸியில ஏறி முழிச்சாங்கக்கா?” என்று ஆரம்பிப்பார். அவருடைய முட்டி வலி, வந்த மாமியார் திரும்பிப் போகவே மாட்டேன் என்பது, என் கடைவாய்ப் பல் என்று நாற்பது நிமிடம் போவதே தெரியாது. என் பிறந்த நாளைக் கேட்டு ஞாபகம் வைத்திருந்தவர் உலகத்தில் அவர் ஒருவர்தான்.

அந்தப் பேருந்துக்குத்தான் ஓலை வந்தது. இந்த மாதக் கணக்கெடுப்பில் வெளிநாட்டுப் பயணிகளில் பத்தில் ஒருவராவது அதில் ஏறாவிட்டால் பேருந்து நிறுத்தப்படும், டிரைவர் ஊரின் மறுகோடிக்கு மாற்றப்படுவார். கணக்கெடுப்பது நான். முதல் வாரம் முந்நூற்று அறுபது பேரைக் கேட்டேன். பேருந்து என்றவர்கள் பதினோரு பேர்.

அன்று மாலை பேருந்தில் அவரிடம் அதைச் சொன்னேன்.

“ஒரு முப்பது பேர சேர்த்துப் போட்டா யாருக்குக்கா தெரியப்போகுது?”

“எனக்குத் தெரியுமே, தம்பி.”

வெடுக்கென்று சொல்லிவிட்டேன். அதன் பிறகு இருவரும் வாய் திறக்கவில்லை. நாற்பது நிமிடம் எவ்வளவு நீளம் என்று அன்றுதான் தெரிந்தது. இனி தினமும் இப்படித்தான் வீடு போய்ச் சேர வேண்டும் என்று நினைத்ததும் எனக்குப் பயமாக இருந்தது. மறுநாள் அவரே மன்னிப்புக் கேட்டுவிட்டார், நானும் கேட்டேன்.

ஏன் யாரும் ஏறவில்லை என்று போய்ப் பார்த்தேன். பேருந்து நிற்கும் இடம் ஒரு தடித்த தூணுக்குப் பின்னால், தள்ளுவண்டிகளை அடுக்கும் மூலையில் இருந்தது. கண்ணில் படாததை யார் தேர்ந்தெடுப்பார்கள்? மேலாளரிடம் முறையிட்டேன். தூண் தன் பிரிவில் வராது என்றார்.

அதனால் ஒன்று செய்தேன். முதலில் சொன்னேன், பிறகு கேட்டேன். தூணுக்குப் பின்னால் பேருந்து இருக்கிறது, ஊர் நடுவே இறக்கிவிடும் என்று சொல்லி முடித்து, எதில் போகிறீர்கள் என்றேன். ஒரு கொரியத் தம்பதி முதலில் தலையாட்டினார்கள். சைக்கிளைக் கழற்றிப் பெட்டியில் கொண்டுவந்த டச்சுக்காரர்களும் அதில் ஏறினார்கள். எழுதியதில் பொய் இல்லை, விதியை மட்டும் மீறினேன். மனசாட்சி உறுத்தியது. உறுத்தட்டும் என்று விட்டுவிட்டேன்.

மாத முடிவில் ஏழில் ஒருவர் என்று கணக்கு வந்தது. பேருந்தை நிறுத்தவில்லை. தூணுக்கு முன்னால் பெரிய பலகையே வைத்துவிட்டார்கள்.

“உங்க புண்ணியத்துல பஸ் பொழச்சுதுக்கா,” என்றார் டிரைவர். அதற்குள் நான்கு பெட்டிகளோடு ஒரு குடும்பம் வந்துவிட்டது, தூக்கி ஏற்ற ஓடினார்.

அன்று அவருக்குப் பின்னால் இரண்டு பிரெஞ்சுப் பெண்கள் வரைபடத்தை விரித்து உட்கார்ந்திருந்தார்கள். அவர் ஒற்றைக் கையால் சாடை காட்டி வழி சொல்லிக்கொண்டிருந்தார், சந்தோஷமாக இருந்தார். நான் பேருந்தின் பின்கோடியில் பெட்டிகளுக்கு நடுவே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கண்ணாடியில் ஒருமுறை என்னைத் தேடினார் என்று நினைக்கிறேன். கையை உயர்த்துவதற்குள் யாருடைய முதுகுப் பையோ குறுக்கே வந்துவிட்டது. பின்கதவால் இறங்கினேன்.

மறுநாளும் அப்படித்தான், அதற்கு மறுநாளும். இரண்டு வாரம் ஆயிற்று. அவர் மேல் ஒரு குறையும் இல்லை. பேருந்து நிறைந்தால் ஓட்டுகிறவர் என்ன செய்வார்?

நேற்று அறைக் கதவைத் திறக்கும்போது, தொழில் புத்தி போகாமல், காலையிலிருந்து பேசியதை எண்ணிப் பார்த்தேன். அறுபத்திரண்டு பேரிடம் பேசியிருக்கிறேன். எல்லாமே கேள்விகள். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை.