தலைமாட்டு மூலை

நச்சுக்காளான் தின்று பிழைத்த தோசிந்தாவின் கால்கள் அந்த இலையுதிர்காலத்திலிருந்து தரையில் படவில்லை. முதலில் ஒரு விரற்கடை இடைவெளிதான். பாவாடை நீளம் என்பதால் ஊருக்குத் தெரியவில்லை; வீட்டு நாய்தான் முதலில் கண்டுபிடித்தது, அடியில் மூக்கை நுழைத்துப் பார்த்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டது. கிறிஸ்துமஸுக்குள் ஒரு சாண் ஆயிற்று. மருத்துவர் ரத்தம் எடுத்துப் பார்த்து, எல்லாம் சரியாக இருக்கிறது, உப்பைக் குறைத்துக்கொள் என்றார். ஸ்பெயின் நாட்டுக் கலீசியாவின் மலைப்பக்கத்து வில்லாமோரில் அது உருளைக்கிழங்கு அழுகிப்போன வருடம். ஒருத்தி மிதக்கிறாள் என்று உட்கார்ந்து பேச யாருக்கும் நேரமில்லை.

காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். சாகக் கிடந்தபோது தோசிந்தா புனித மார்த்தாவுக்கு நேர்ந்துகொண்டிருந்தாள்: பிழைத்தால் ஜூலைத் திருவிழாவில் சவப்பெட்டியில் படுத்துப் பவனி வருகிறேன் என்று. சாவின் வாசல்வரை போய்த் திரும்பியவர்கள் அந்த ஊரில் செய்வது அதுதான். மூடி இல்லாத பெட்டி, உச்சி வெயில், முன்னால் பேண்டு வாத்தியம், முகத்துக்கு ஒரு விசிறி. பெட்டியின் மூன்று மூலைகளை யார் வேண்டுமானாலும் தூக்கலாம். தலைமாட்டு வலது மூலை மட்டும் கூடப்பிறந்தவர்களுக்கு. கூடப்பிறந்தவர் இருந்தும் வராவிட்டால், நேர்ந்தவர் தன் பெட்டியைத் தானே முதுகில் சுமந்து கோயிலைச் சுற்ற வேண்டும். அதைவிட, எனக்கு யாருமில்லை என்று மைக் பிடித்துச் சொல்லிவிட்டுப் போகலாம்.

தோசிந்தாவுக்கு ஓர் அக்கா இருந்தாள். எர்மித்தாஸ். பக்கத்து வீடு, நடுவில் ஒரு திராட்சைப் பந்தல். இருவரும் பேசி இருபது வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. எர்மித்தாஸ் பிரசவக் காய்ச்சலில் சாவின் வாசல்வரை போய்த் திரும்பிய வருடம், பெட்டியைக் கோயில் வாசலில் வைத்துவிட்டுத் தங்கைக்காகக் காத்திருந்தாள். தங்கை எட்டுக்கால் பேய்க்கணவாய் விற்கும் கடையில் இருந்தாள். செப்பு அண்டாவில் வெந்ததை நறுக்கி, எண்ணெயும் மிளகாய்த்தூளும் தூவிக் கொடுக்கக் கொடுக்கத் தின்றுகொண்டு, பேண்டில் எக்காளம் ஊத வந்திருந்த ஃபூக்கோ என்பவனோடு சிரித்துக்கொண்டிருந்தாள். மணி அடித்தது அவள் காதில் விழவே இல்லை. எர்மித்தாஸ் பெட்டியை முதுகில் ஏற்றிக்கொண்டு, பால் கட்டிய மார்போடு, தனியாகச் சுற்றி வந்தாள். ஃபூக்கோ பிற்பாடு தோசிந்தாவின் கணவனானான். அந்தக் கல்யாணத்துக்கு எர்மித்தாஸ் வரவில்லை. அதன்பிறகு அவள் சொல்ல வேண்டியதையெல்லாம் பந்தலுக்கு இந்தப் பக்கம் நின்று கோழிகளிடம் சொல்லிவந்தாள். தங்கை மிதக்கத் தொடங்கியதும் கோழிகளுக்கு உபதேசம் கூடிற்று.

“பறக்கிறதுக்கு இறக்கை எதுக்குடி? சொன்ன வாக்கை மறந்துட்டா போதும், தானா மேல போயிடலாம்.”

அக்காவிடம் போய்க் கேட்கத் தோசிந்தாவுக்கு வாய் வரவில்லை. முதல் வருடம் பெட்டிக்குப் பதிலாக ஒரு மெழுகுப் பெண்ணைச் செய்து கோயிலில் மாட்டினாள். மறுநாள் அந்தப் பொம்மையும் ஆணியை விட்டு ஒரு சாண் மேலே நின்றது. அடுத்த வருடம் தலைமாட்டு மூலைக்கு ஃபூக்கோவின் தம்பியை நிறுத்தினாள். யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தாள் பாவம், புனித மார்த்தாவை வெளியூர்க்காரி என்று எண்ணிவிட்டாள் போலும். பவனி பாதி வழி போனதும் பெட்டி தூக்கியவர்களின் தோளை விட்டுக் கிளம்பி, அவளோடு போய் ஓக் மரக் கிளையில் சிக்கிக்கொண்டது. கொடிக்கம்பு போட்டு இறக்கினார்கள். மத்ரீத்திலிருந்து திருவிழா பார்க்க வந்திருந்தவர்கள் கைதட்டி, அடுத்த முறை எத்தனை மணிக்கு என்று கேட்டார்கள்.

மூன்றாம் வருடம் கூரை விளிம்பு உயரத்துக்கு வந்துவிட்டாள். இடுப்பில் மாட்டுக் கயிறு கட்டி, தானியக்களஞ்சியத்தின் கல் காலில் முடிந்திருந்தார்கள். சூப்புக் கிண்ணத்தை ஃபூக்கோ வைக்கோல் வாரும் கவையில் வைத்து நீட்டுவான். கயிறு நாளுக்கு நாள் இழுவை கண்டுகொண்டிருந்தது. இந்தத் திருவிழாவும் தப்பினால் அது தாங்காது, முதல் பனிக்காற்றில் ஆள் போர்ச்சுகலுக்குப் போய்ச் சேருவாள் என்று கணித்தார்கள். தோசிந்தாவும் அதை நம்பினாள். படுக்கையில் அழவும் முடியாது. படுக்கை கீழே இருந்தது.

திருவிழாவுக்கு முந்தின வாரம் பங்குச்சாமியார் வந்து, கழுத்தை அண்ணாந்துகொண்டு பேசினார். பெட்டியை அவளே சுமந்துவிட்டால் விஷயம் முடிந்தது, பாரம் ஏறினால் ஒருவேளை இறங்கவும் செய்வாள் என்றார்.

“அது எப்படி சாமி? எனக்கு அக்கா இருக்கா. உசுரோட, பக்கத்து வீட்டுல இருக்கா. யாருமே இல்லாதவ மாதிரி நான் எப்படிச் சுமக்குறது?”

“அன்னைக்கு அவளுக்கும் தங்கச்சி உசுரோடதானம்மா இருந்தா” என்று சொல்லிவிட்டுச் சாமியார் கழுத்தைத் தடவிக்கொண்டு போய்விட்டார்.

அன்று முழுக்க தோசிந்தா கவையில் வந்த எதையும் தொடவில்லை. இத்தனை வருடமும் அக்காவுக்குக் கோபம் என்றுதான் நினைத்திருந்தாள். அவமானம் என்று தோன்றவே இல்லை. இப்போதுதான் தோன்றியது.

திருவிழாவன்று அவளை ஆட்டை இழுப்பது போலக் கயிற்றில் இழுத்துவந்து கோயில் வாசல் இரும்பு வளையத்தில் கட்டினார்கள். கீழே அவளுடைய பெட்டி காத்திருந்தது. எர்மித்தாஸும் வந்திருந்தாள், கையைக் கட்டிக்கொண்டு, வேடிக்கை பார்க்க. மேலிருந்து பார்க்கையில் அக்காவின் உச்சி வகிடு தெரிந்தது. முழுக்க நரைத்திருந்தது. பந்தலுக்கு அப்பால் எப்போதும் முக்காட்டோடு பார்த்த தலை அது. தோசிந்தாவின் கண்ணீர் நேராக அந்த வகிட்டில் விழுந்தது. எர்மித்தாஸ் மழையோ என்று கையை நீட்டிப் பார்த்துவிட்டு அண்ணாந்தாள்.

“அக்கா, அன்னைக்கு நான் வந்திருக்கணும். தின்னுகிட்டு நின்னுட்டேன். தப்புதான்க்கா. நீ என் பெட்டியைத் தூக்க வேண்டாம். நீ படு. நான் தூக்குறேன்.”

பேண்டு நின்றது. ஃபூக்கோ எக்காளத்தை உதட்டிலிருந்து எடுக்கவும் இல்லை, ஊதவும் இல்லை.

“காத்துல தொங்குறவ என்னத்தடி தூக்குவ?” என்றாள் எர்மித்தாஸ். இருபது வருடத்தில் கோழிகளைத் தாண்டி வந்த முதல் வார்த்தை. பிறகு செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள், பாவாடையை ஒதுக்கிக்கொண்டு பெட்டிக்குள் படுத்தாள். “குட்டையா செஞ்சிருக்கான். எவன் அளவெடுத்தது?”

மூன்று மூலையும் எழுந்தது. கயிற்றை வளையத்திலிருந்து அவிழ்த்துத் தோசிந்தாவைக் கீழே இழுத்து, தலைமாட்டு மூலையில் அவள் தோளைக் கொடுத்தார்கள். பெட்டியின் அந்த மூலை அவளோடு சேர்ந்து மேலே போகப் பார்த்தது. அக்கா தங்கை இரண்டு பேரும் போகப்போகிறார்கள் என்று கூட்டம் பின்வாங்கியது. எர்மித்தாஸ் பெட்டிக்குள் புரண்டு, கையை வெளியே விட்டு, தங்கையின் தோளைப் பற்றி ஓர் அழுத்து அழுத்தினாள். அவளுடைய கனம் முழுக்க, சேர்த்து வைத்திருந்த வருடங்களோடு, அந்தத் தோளில் இறங்கியது. தோசிந்தாவின் வெறுங்கால்கள் ஜூலை மாதக் கருங்கல்லில் பதிந்தன.

“சுடுதுக்கா.”

“நடடி.”

நடந்தாள். கோயிலை முழுசாகச் சுற்றினாள், கால் கொப்பளிக்க. ஃபூக்கோ ஊதிய எக்காளம் அன்று சுருதி சேரவே இல்லை, யாரும் அதைக் குறை சொல்லவில்லை.

மறுநாள் பால் கறக்க எழுந்தபோது தோசிந்தா மறுபடியும் ஒரு விரற்கடை மேலே நின்றாள். அவளுடைய நேர்ச்சை இன்னும் பாக்கி இருந்ததே. அந்த வருடம் முழுக்க அந்த உயரத்திலேயே இருந்தாள். ஈரத்தரையில் தடம் விழாது என்பதால் கோயில் கழுவும் வேலையை அவளிடம் கொடுத்தார்கள். காற்று அடிக்கும் நாட்களில் சந்தைக்குப் போகும்போது எர்மித்தாஸ் தங்கையின் ஏப்ரன் நாடாவைத் தன் கூடைக் கைப்பிடியில் முடிந்துகொள்வாள். அடுத்த ஜூலையில் தோசிந்தா பெட்டியில் படுத்தாள், எர்மித்தாஸ் தலைமாட்டு மூலையில் தோள் கொடுத்தாள். பெட்டி தோளை விட்டு எழவில்லை. வழி நெடுக எர்மித்தாஸ், மாடு மாதிரி கனக்கிறாயே, தின்பதைக் கொஞ்சம் குறைக்கக் கூடாதா என்று திட்டிக்கொண்டே வந்தாள். தோசிந்தா விசிறியால் முகத்தை மறைத்துக்கொண்டு, ஒரு வார்த்தை விடாமல் கேட்டபடி படுத்திருந்தாள்.