பஞ்சு வைத்த செருப்பு

“ஏம்மா, நாக்கை வீட்டுலயே கழட்டி வச்சிட்டு வந்துட்டியா?” என்று எட்டாம் வகுப்பில் ஆசிரியை கேட்டபோது வகுப்பே சிரித்தது. அவளும் சேர்ந்து சிரித்தாள், சத்தம் வராமல். ஒரு கைகலப்பில் ஆள் செத்துப்போய், அந்த வருஷமே அப்பா சிறைக்குப் போனார். அவள் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றாள். அந்தக் கேள்வி மட்டும் அவளை விடவில்லை.

காரணம், சிறையில் கைதிகளைப் பார்க்கிற கூடம். நடுவில் ஓர் ஆள் நடக்கிற அளவுக்குச் சந்து விட்டு, இரண்டு பக்கமும் கம்பி வலை அடித்திருந்தார்கள். கைக்குக் கை எட்டக்கூடாது, பொட்டலம் எதுவும் மாறக்கூடாது என்று எந்தக் காலத்திலோ யாரோ யோசித்துக் கட்டியது. பேச்சு எட்டுமா என்று யோசிக்க மறந்துவிட்டார்கள். சந்துக்குள் வார்டர் நடந்துகொண்டிருப்பார். இந்தப் பக்கக் கூட்டமும் அந்தப் பக்கக் கூட்டமும் ஒரே நேரத்தில் கத்தும். சந்தைக்கடை தோற்றுவிடும். அவள் குரல் தன் பக்கத்து வலையைக்கூடத் தாண்டாது.

தாண்ட வைத்தவள் மைக் அத்தை. ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. தன் மகனைப் பார்க்க வருகிற மனுஷி. “உன் தொண்டைக்கு லைசென்ஸ் எடுத்திருக்கியா?” என்று வார்டரே கிண்டலடிப்பார். மகனை ஒரு பாட்டம் திட்டித் தீர்த்ததும் அத்தை இவள் பக்கம் காதைச் சாய்ப்பாள்.

“சொல்லு, உங்கப்பனுக்கு என்ன சேதி?”

இவள் காதோடு சொல்வதை அத்தை கூடம் அதிரச் சொல்வாள்.

முதல் வருஷம், அம்மா எங்கே என்று அப்பா சைகையில் கேட்டார். அம்மா தம்பியைத் தூக்கிக்கொண்டு மாமா வீட்டோடு போய்விட்டிருந்தாள். “அந்த ஆளு மூஞ்சில இனி முழிக்க மாட்டேன். நீயும் வந்துடு” என்று இவளையும் கூப்பிட்டாள். அப்பாவுக்கு ஒருத்தராவது வேண்டுமே என்று இவள் அந்த வாடகை அறையிலேயே தங்கிவிட்டாள், சட்டைகளுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டு. நடந்ததை அப்படியே அத்தையின் காதில் சொன்னாள். அத்தை இவளை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு வலைப் பக்கம் திரும்பி, “கால்வலியாம்ப்பா. பஸ் ஏற முடியலையாம்” என்று கத்தினாள்.

வெளியே வந்ததும், “என்ன அத்தை, இப்படிச் சொல்லிட்டீங்க?” என்றாள் இவள்.

“பின்ன? இத்தனை பேர் நடுவுல அதை நான் ஏலம் போடணுமா? உள்ள அவன் தூங்க வேணாமா? அடுத்த தடவை பாத்துக்கலாம் விடு.”

அடுத்த தடவையும் கால்வலிதான். அதற்கடுத்த தடவையும். அம்மாவின் கால்வலிக்கு வருஷாவருஷம் வயது ஏறிக்கொண்டே போனது.

இந்த மாதம் வந்தபோது கூடமே மாறியிருந்தது. வலையும் இல்லை, சந்தும் இல்லை. நடுவில் கண்ணாடி, ஆளுக்கொரு தடுப்பு, ஒரு முக்காலி, ஒரு போன். மைக் அத்தைக்குக் கடைசி இடம் கிடைத்தது. பழக்கதோஷத்தில் போனிலும் கத்திக்கொண்டிருந்தாள்.

இவள் ரிசீவரை எடுத்தாள். அப்பாவின் மூச்சு காதுக்குள் கேட்டது.

“சாப்டியாம்மா?”

எவ்வளவு மெல்லிய குரல். தன் குரல் எங்கிருந்து வந்தது என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது.

“சாப்டேன்ப்பா.”

“ஒரு சங்கதி. நன்னடத்தைனு தண்டனைல கழிச்சிருக்காங்க. அடுத்த மாசம் விட்டுடுவாங்க.” வெட்கப்படுகிறவர்போல் சிரித்தார். “செருப்புப் பட்டறைலதான இருக்கேன். மேஸ்திரிகிட்ட கேட்டு, மிச்சத் தோல்ல அம்மாவுக்கு ஒரு ஜோடி தச்சிருக்கேன். கால்வலிக்கு இதமா இருக்கட்டும்னு உள்ள பஞ்சு வச்சிருக்கேன். அவ கால் உன் கால் அளவுதான?”

அவள் குனிந்து தன் கால்களைப் பார்த்தாள்.

“அவளை இவ்வளவு தூரமெல்லாம் வர வேணாம்னு சொல்லு. வாசல்ல நின்னா போதும், நான் வந்துடுவேன்.”

அவள் கடைசித் தடுப்பைத் திரும்பிப் பார்த்தாள். அத்தை தன் மகனைத் திட்டுவதில் மும்முரமாக இருந்தாள். சாய்ந்து வருகிற காது இனி இல்லை. சொன்னால் இவரும் அந்த அறைக்கு வராமல் போகலாம். சொல்லாவிட்டால், செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு அங்கே வந்து, ஒற்றைப் பாயைப் பார்த்துத் தெரிந்துகொள்வார்.

“அப்பா, அம்மா வீட்டுல இல்ல.”

“கடைக்குப் போயிருக்காளா?”

“மாமா வீட்டுக்குப் போயிட்டாங்க. தம்பியையும் கூட்டிட்டு. நீங்க உள்ள வந்த வருஷமே.”

அவர் முகத்தில் அந்தச் சிரிப்பு இன்னும் கலையாமல் ஒட்டிக்கொண்டிருந்தது.

“அப்ப கால்வலி?”

“யாருக்கும் கால்வலி இல்லப்பா.”

அவர் ரிசீவரைக் காதிலிருந்து மெதுவாக இறக்கினார்.

“நான் இருக்கேன்ப்பா. அதே ரூம்தான். நீங்க வாங்க” என்றாள். அதைச் சொல்லும்போது ரிசீவர் அவர் காதில் இருந்ததா, இல்லையா என்று அவளுக்குத் தெரியவில்லை. கண்ணாடியைத் தட்டிக் கத்தியிருக்கலாம். மைக் அத்தையாக இருந்தால் கத்தியிருப்பாள்.

அப்பா ரிசீவரை அதன் இடத்தில் ஓசைப்படாமல் வைத்தார். எழுந்து உள்கதவுவரை போய், அதை வார்டர் திறக்கும்வரை கைகட்டி நின்றார். கதவு திறந்ததும் உள்ளே போய்விட்டார்.